அப்பாவின் லேத்தும் அந்த நாலாவது போல்ட்டும்!

"அம்மிணி, ரெண்டு நாள் லீவு கெடைக்குமா?"

போனில் அப்பா இப்படிக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. லீவு போட்டுவிட்டு வா என்று அப்பா சொன்னதே கிடையாது. தீபாவளிக்குக்கூட, "வேலை இருந்தா பாத்துக்கோ சாமி, பொங்கலுக்கு வந்துக்கலாம்" என்பவர். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன்.

"உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்குது. லேத்தைக் குடுத்தர்லாம்னு இருக்கறன். போறதுக்குள்ள ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயிரு."

டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு வார இறுதி ஷிஃப்ட். தோழியின் தலையில் அதைக் கட்டிவிட்டு, வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். அப்பர் பெர்த்தில் படுத்தபடி யோசித்தால் ஒரு விஷயம் உறைத்தது. 27 வருடமாக ஒரே காம்பவுண்டில் இருந்த அந்த லேத்தை, கைக்கெட்டும் தூரத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை.

எங்கள் வீடு கோவை கணபதியில் இருக்கிறது. முன்னால் வீடு, பின்னால் பட்டறை. காலையில் அலாரம் வைத்து நான் எழுந்ததே கிடையாது. எட்டு மணிக்கு மோட்டார் ஓட ஆரம்பித்து, பெல்ட் 'டப் டப்' என்று அடிக்கும். அதற்குள் எழுந்திருக்காவிட்டால் அம்மாவிடம் திட்டு. பட்டறை நிலைப்படியைத் தாண்டி நான் போகக் கூடாது. என் அண்ணன் போகலாம். எட்டு வயதிலேயே அவன் உள்ளே போய், சுருள் சுருளாக விழும் இரும்புப் பிசிறைக் கூட்டி அள்ளுவான். நானும் வருகிறேன் என்று ஒருநாள் அழுதபோது அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை? போ, அம்மாகூட இரு." நான் என்ன படித்தாலும், எங்கே வேலைக்குப் போனாலும், உள்ளுக்குள் அந்த வாக்கியத்துக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

லேத் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சாமானைச் சுழலவிட்டு, உளியை அசையாமல் பிடித்து, தேவையில்லாததைச் சீவி எடுக்கும் மிஷின் அது. புத்தகத் தமிழில் 'கடைசல் இயந்திரம்'. தயிர் கடைகிறோமே, அதே கடைதல்தான். ஆனால் கோவையில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். லேத்து, லேத்துப் பட்டறை, அவ்வளவுதான். 1930-களில் பைக்காராவிலிருந்து கரண்ட் வந்து மில்கள் பெருகிய ஊர் இது. ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மின்மோட்டார் செய்துகாட்டிய ஊர். மோட்டார், பம்ப், அப்புறம் வெட் கிரைண்டர். இவை எல்லாவற்றுக்கும் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து தர, தெருவுக்கு ஒரு லேத்தாவது ஓடும். எங்கள் தெருவிலேயே ஒரு காலத்தில் நாலு ஓடியது. இப்போது எங்களுடையது மட்டும்தான். அதுவும் வாரத்தில் இரண்டு நாள்.

அப்பாவுக்கு 64 வயது. வலது தோள்பட்டை சரியாகத் தூக்க வரவில்லை. ஜாப் ஒர்க் கொடுத்தவர்கள் எல்லாரும் சி.என்.சி-க்குப் போய்விட்டார்கள். "குடுத்தர்லாம்" என்ற முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் போனபோது பட்டறையில் மூன்று பேர் இருந்தார்கள். அப்பா, அப்பாவிடம் முப்பது வருடமாக வேலை பார்க்கும் அண்ணன், லேத்தை வாங்க வந்த பையன். பல்லடம் பக்கம் விசைத்தறிக்கு உதிரி பாகங்கள் கடைந்து தர, சொந்தமாகப் பட்டறை போடுகிறானாம். என்னைவிட இரண்டு வயதாவது சின்னவனாக இருப்பான். 70,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தார்கள்.

சிக்கல் விலையில் இல்லை, சந்தில் இருந்தது. 1991-ல் ஒரு மில்லின் மெயின்டனன்ஸ் பட்டறையை ஏலம் விட்டபோது அப்பா இந்த லேத்தை எடுத்தார். அப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெறும் காடு. லாரி நேராகப் பட்டறை வாசலுக்கே வந்து இறக்கியிருக்கிறது. இப்போது மூன்று பக்கமும் வீடுகள். மூன்றரை அடி அகலச் சந்து ஒன்றுதான் வழி, அதிலும் நடுவில் ஒரு திருப்பம். ஆறடி லேத், அப்பா கணக்கில் முக்கால் டன். கிரேன் வராது. அக்கக்காகக் கழற்றி, பைப் உருட்டி வெளியே தள்ளினால்தான் உண்டு.

பையன் ஞாயிறு சாயங்காலம் வரை டெம்போ பேசியிருந்தான். அதற்குள் கழற்ற முடியாவிட்டால்? அந்தக் கேள்விக்குப் பதிலாகத் தெருமுனையில் பழைய இரும்புக்காரர் இருந்தார். கிலோ 32 ரூபாய் சொல்லியிருந்தார். முக்கால் டன்னுக்கு 24,000. "அவருக்குக் கழட்ட வேண்டியதில்லை பாப்பா. வார்ப்பிரும்பு. சம்மட்டியில நாலு போடு போட்டா பொளந்துக்கும்" என்றார் அண்ணன். கூடத்தில் கேஸ் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒரு நிமிஷம் கையை நிறுத்தினார். அப்பா எதுவும் சொல்லாமல் ஸ்பேனர் பெட்டியை இழுத்தார்.

"வா, உள்ள வா. என்னத்துக்கு அங்கயே நிக்கற?" என்றார் என்னைப் பார்த்து.

நிலைப்படியில்தான் நின்றிருந்தேன். கால் தானாக நின்றுவிட்டது.

கழற்றுவதை ஒரு வேலை என்றே நான் நினைத்ததில்லை. மாட்டுவதுதானே கஷ்டம், கழற்றுவதற்கு என்ன என்றிருந்தேன். அந்த இரண்டு நாளில் நான் கற்றுக்கொண்டதையெல்லாம் எழுதினால் இந்த இணையப் பக்கம் தாங்காது. இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சக். சாமானைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடை உள்ள தலை. பழைய லேத்துகளில் அது ஸ்பிண்டிலில் மரையாகவே ஏறியிருக்கும். ஓட ஓட இறுகும். முப்பது வருடமாக இறுகியதைக் கழற்ற, உள்ளே இருக்கும் கியரைப் பூட்டிவிட்டு இழுத்தால் பல் உடைந்துவிடும் என்று அப்பா தடுத்தார். தாடைக்கும் பெட்டின் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு வேப்பங்கட்டையைக் கொடுத்து, பெல்ட்டைப் பிடித்து ஸ்பிண்டிலை எதிர்ப்பக்கமாகக் கையால் சுண்டினார். மூன்றாவது சுண்டலில் 'டக்'. சக் விழுந்தால் பெட்டும் போகும், விரலும் போகும் என்று கீழே முன்கூட்டியே பலகை போட்டிருந்தார்.

அடுத்து டெயில் ஸ்டாக். அது சும்மா வந்துவிட்டது.

ஏப்ரன்தான் என்னை ஆச்சரியப்படுத்தியது. முன்னால் தொங்கும், கைச்சக்கரங்கள் உள்ள பெட்டி. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இரண்டு மட்டும் கண்ணுக்கே தெரியவில்லை. பையன் போனில் டார்ச் அடித்துத் தேடினான். அண்ணன் சிரித்துக்கொண்டே மேலே இருந்த கிராஸ் ஸ்லைடைக் கடைசி வரை பின்னால் ஓட்டினார். அதற்கு அடியில் இரண்டு போல்ட் தலை, எண்ணெய்ப் பிசுக்குக்குள் புதைந்து கிடந்தது. "ஒளிஞ்சிருக்கற போல்ட்டு எல்லாம் எதையாச்சும் நகத்துனா தெரியும். அவசரப்பட்டு இழுக்கக் கூடாது" என்றார். லீட் ஸ்க்ரூ பிராக்கெட்டிலும் இப்படித்தான். போல்ட்டை எல்லாம் எடுத்த பிறகும் அசையவில்லை. ஆணி மாதிரி கூம்பாக இரண்டு பின். அவற்றை உருவினால்தான் வரும். தெரியாமல் நெம்பினால் பிராக்கெட் பிளந்திருக்கும்.

பையன் புத்தம்புது ஸ்பேனர் செட் கொண்டுவந்திருந்தான். ஒன்றும் சேரவில்லை. 24 போட்டால் லொடலொடவென்று ஆடியது, 23 போட்டால் நுழையவே இல்லை. "இது மில்லிமீட்டர் இல்ல தம்பி. விட்வொர்த்து" என்று அப்பா தன் பெட்டியிலிருந்து கறுத்துப்போன ஒன்றை எடுத்தார். என் வேலைப்புத்தி சும்மா இருக்குமா? உடனே போனில் தேடினேன். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர், ஆளுக்கொரு மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1841-ல் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அளவு சொன்னவர். மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக்கில் 60. நம் நாட்டில் 1956-லேயே மெட்ரிக் அளவுச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பழைய மிஷின்களில் இன்னும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் வாயின் அளவே இல்லையாம், போல்ட்டின் தடிமனாம். அரை இஞ்சு என்று எழுதிய ஸ்பேனரின் வாய் 23-க்கும் 24-க்கும் நடுவில் விரிந்திருப்பதன் ரகசியம் அதுதான்.

சனி இரவுக்குள் ஹெட்ஸ்டாக்கும் பெட்டும் மட்டுமே மிச்சம்.

ஹெட்ஸ்டாக் என்பது இடது ஓரத்தில் இருக்கும் தலைப்பகுதி. ஸ்பிண்டில், புல்லி, கியர் எல்லாம் அதற்குள்தான். நாலு போல்ட், கீழேயிருந்து மேலே ஏறி அதைப் பெட்டோடு கவ்வியிருக்கும். முன்பக்கம் இரண்டு. டிரேயை எடுத்ததும் எட்டியது. பின்பக்கம் ஒன்று. நீளக் கம்பி மாட்டிய பாக்ஸ் ஸ்பேனரில் முனகிக்கொண்டே வந்தது.

நாலாவது, பின்பக்க மூலையில்.

அதன் ஒரு பக்கம் பெட்டின் குறுக்குச் சட்டம், இன்னொரு பக்கம் கியர் பாக்ஸ், கீழே வார்ப்பிரும்புக் கால். நடுவில் நாலு விரல் இடைவெளி. காலைக் கழற்றிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். காலைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலை, ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் இருக்கிறது. ஹெட்ஸ்டாக்கை எடுத்தால்தான் காலைக் கழற்ற முடியும். காலைக் கழற்றினால்தான் ஹெட்ஸ்டாக் போல்ட் எட்டும். இதைச் செய்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. பஞ்சாபில் பட்டாலா பக்கம் செய்தது என்று அப்பா சொன்னார். பெயர்த் தகடு எப்போதோ விழுந்துவிட்டது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தோம். ராத்திரியே டீசல் ஊற்றி ஊறவைத்திருந்தார் அப்பா. அவர் கை உள்ளே போகவில்லை. மணிக்கட்டிலேயே நின்றது. அண்ணனுக்கு விரல்கள் ஒவ்வொன்றும் வாழைக்காய். பையன் கையை நுழைத்துவிட்டான். ஆனால் ஸ்பேனரோடு சேர்த்து நுழைக்க முடியவில்லை. எடுக்கும்போது முட்டியில் தோல் உரிந்து ரத்தம்.

"நான் பாக்கட்டுமா?" என்றேன்.

யாரும் பதில் சொல்லவில்லை. தரையில் சாக்கை விரித்துப் படுத்தேன். என் கை சுலபமாக உள்ளே போனது. விரல் நுனியில் போல்ட்டின் ஆறு மூலையும் பட்டது. அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட கர்வத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

கர்வம் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, போனை செல்ஃபி கேமராவில் வைத்து, கண்ணாடி மாதிரி அடியில் சாய்த்து வைத்துக்கொண்டேன். திரையில் போல்ட் தெளிவாகத் தெரிந்தது. ஒரு குட்டி ஸ்பேனரை நுழைத்து, அண்ணன் வெளியிலிருந்து கம்பியால் தட்ட, ஸ்பேனர் லேசாக நகர்ந்தது. "வருது! வருது!" என்று கத்தினேன். அப்பா குனிந்து போனைப் பார்த்தார். "எந்தப் பக்கம் திருப்பற?" என்றார். காட்டினேன். "சாமி, நீ இறுக்கிட்டிருக்கற."

செல்ஃபி கேமரா இடவலம் மாற்றிக் காட்டும் என்பதை நாள் முழுக்க வீடியோ எடிட் செய்யும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அந்தக் குட்டி ஸ்பேனரும் மில்லிமீட்டர்க் கணக்கு. இறுக்கிய இறுக்கில் ஒரு மூலை மழுங்கிவிட்டது. ஸ்பேனர் நழுவி, காலுக்குள் எங்கோ 'டிங்' என்று விழுந்தது. பையன் மணி பார்த்தான். பதினொன்றரை.

அப்பா எழுந்து, வெளியே தண்ணித் தொட்டி திண்டில் போய் உட்கார்ந்துகொண்டார். "பழைய இரும்புக்காரருக்குப் போன் போடுங்க" என்று அண்ணனிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

டீ டம்ளர்களோடு வந்த அம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு, "ஏனுங்க, அந்த மூலை போல்ட்டுங்களா?" என்றார்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"அதுக்கு அடியில இருந்து போனா வராதுங்க. காலுல ஒரு ஜன்னல் இருக்குமில்ல, தகடு போட்டு மூடியிருக்கும். அதைக் கழட்டிட்டு, இடது கையை உள்ள விட்டு மேல தூக்கோணும்."

பட்டறையே அமைதியாகிவிட்டது. நான்தான் கேட்டேன். "உனக்கெப்படிம்மா தெரியும்?"

"நாந்தான போட்டேன்."

1996. நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. ஸ்பிண்டில் பேரிங் தேய்ந்து, ஹெட்ஸ்டாக்கை இறக்கிச் சரி செய்திருக்கிறார்கள். கழற்றும்போது மெக்கானிக்குடன் வந்த சின்னப் பையன் கை விட்டு எடுத்துவிட்டான். மறுபடி ஏற்றி உட்காரவைத்த அன்றைக்கு அவன் வரவில்லை. மறுநாள் காலை ஒரு பம்ப் கம்பெனிக்கு 200 ஷாஃப்ட் கொடுத்தாக வேண்டும். "இவரு கை உள்ள போவல. எங்கை போச்சு. வளையலைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, விடிய விடியப் போட்டோம்" என்றார் அம்மா, இட்லிக்கு ஊறப்போட்ட கதையைச் சொல்வதுபோல. அது ஒரே ஒரு நாள் வேலையாகவும் முடியவில்லையாம். அதற்கப்புறம் ஒரு வருடம் போல, மத்தியானம் சமையல் முடித்துவிட்டு அம்மா பட்டறைக்கு வந்து புஷ் கடைந்திருக்கிறார். அண்ணன் அப்போதுதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். "அக்காதான் எனக்கே மைக்ரோமீட்டர் பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க பாப்பா" என்றார்.

"அப்புறம் ஏன் விட்டே?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா டீயைப் பார்த்தார்.

ஒருநாள் ஃபீட் கம்பியில் அம்மாவின் முந்தானை சுற்றிக்கொண்டது. அது மெதுவாகச் சுற்றும் கம்பிதான். ஆனால் பிடித்தால் விடாது. அம்மாவை முகம் குப்புற இழுத்துப் போயிருக்கிறது. அப்பா ஓடிவந்து சுவிட்சை அணைப்பதற்குள் சேலை கிழிந்து, தோளில் காயம். அம்மாவின் இடது தோளில் இருக்கும் தழும்பு, கிணற்றடியில் விழுந்தது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு நான் வயிற்றில் மூன்று மாதம்.

"அன்னைக்குச் சொன்னாரு, இனி பொம்பளைங்க யாரும் இந்த நெலையைத் தாண்டக் கூடாதுன்னு" என்றார் அம்மா. "எனக்குச் சொன்னதுதான். ஒனக்கும் சேத்து ஆயிப்போச்சு."

இதை எல்லாம் நின்று யோசிக்க அப்போது நேரமில்லை. உண்மையில் எனக்குக் கோபம்தான் வந்தது. கொண்டையைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கலாமே? காரணத்தையாவது சொல்லியிருக்கலாமே? பின்னால் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று முடியை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

அம்மா வீட்டுக்குள் போய், தையல் மிஷின் டிராயரைத் துழாவி ஒன்றை எடுத்துவந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த இரும்புத் துண்டு அது. பட்டன் டப்பாவுக்கு அடியில் கிடக்கும். ஹோம்வொர்க் எழுதும்போது பேப்பர் பறக்காமல் இருக்க மேலே வைப்பேன். அது ஒரு ஸ்பேனர் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காரணம், அதற்குக் கைப்பிடி கிடையாது. வாய்க்குப் பின்னால் இரண்டு இஞ்சோடு அறுத்து, இரண்டு பக்கமும் கிரைண்டரில் தேய்த்து, தகடு மாதிரி மெலிதாக்கியிருந்தது.

"இது தொலஞ்சு போச்சுன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. அவர்தான் அன்றைக்கு அம்மாவின் கைக்காக அறுத்துக் கொடுத்தவர்.

ஜன்னல் தகட்டைக் கழற்றினோம். உள்ளே முப்பது வருடத்துப் பிசிறு, சிலந்திக்கூடு, நான் போட்ட ஸ்பேனர். இடது கையை விட்டு மேலே தூக்கினால், கை வளைவதற்கென்றே விட்டதுபோல அங்கே இடம் இருந்தது. அம்மாவுக்கு இப்போது முட்டி மடங்காது. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வழி சொன்னார்.

"மொதல்ல ஒரு நூலு இறுக்கு. அப்பறம் கழட்டு."

ஏற்கெனவே இறுக்கித்தானே இந்த நிலைமை என்று நினைத்தேன். ஆனால் துருப்பிடித்த போல்ட்டுக்கு அதுதான் முறையாம். லேசாக இறுக்கும் திசையில் ஒரு தட்டு தட்டினால், மரைக்கு நடுவில் இருக்கும் துரு விடும்.

ஸ்பேனர் வாயைப் போல்ட்டில் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்பக்க இடுக்கு வழியாக நீளக் கம்பியை விட்டு, ஸ்பேனரின் வாலில் அண்ணன் சுத்தியலால் தட்ட வேண்டும். கம்பி வழுக்கினால் என் விரல். அப்பா வேண்டாம் என்றார். "70,000 பெருசில்ல, விடு" என்றார்.

"நான் புடிச்சேன். அவளும் புடிப்பா. நீங்க கம்பியை வழிகாட்டுங்க" என்றார் அம்மா.

அப்பா என் பக்கத்தில் சாக்கில் படுத்தார். கம்பியின் நுனியைத் தன் இரண்டு விரலால் கவ்வி, ஸ்பேனரின் வாலில் பொருத்தினார். வழுக்கினால் முதலில் அவர் விரல்தான். நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு பக்கத்தில் முகம் வைத்துப் படுத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சட்டையில் கட்டிங் ஆயில் வாசம்.

முதல் தட்டு, ஒன்றுமில்லை. ஆறாவதோ ஏழாவதோ, 'க்ரீச்' என்று ஒரு சத்தம். பல்லில் கூசியது. அப்பா பெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, "விட்டுச்சு" என்றார்.

அதற்கப்புறம்தான் பொறுமைக்கு வேலை. போல்ட்டுக்கு ஆறு பக்கம். நேரான வாய் உள்ள ஸ்பேனர் என்றால், ஒவ்வொரு தடவையும் 60 டிகிரி திருப்பினால்தான் அடுத்த பிடி கிடைக்கும். அங்கே அவ்வளவு இடம் கிடையாது. "ஒருக்கா போடு, ஒருக்கா திருப்பிப் போடு" என்றார் அம்மா. உங்கள் வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்பேனரை எடுத்துப் பாருங்கள். வாய் நேராக இருக்காது. கைப்பிடியிலிருந்து 15 டிகிரி சாய்ந்திருக்கும். நான் அதை இவ்வளவு நாள் அழகுக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு தடவை திருப்பிவிட்டு, அடுத்த தடவை ஸ்பேனரைக் குப்புறப் போட்டு மாட்டினால், அந்தச் சாய்வு எதிர்ப்பக்கம் வரும். 30 டிகிரி இடம் இருந்தாலே போதும், அடுத்த பிடி கிடைத்துவிடும்.

அரை இஞ்சு விட்வொர்த்தில் இஞ்சுக்கு 12 மரை. ஒரு இஞ்சு உள்ளே போயிருந்தது. ஒரு சுற்றுக்கு 12 தடவை, 12 சுற்று. 144 தடவை போட்டு, திருப்பிப் போட்டு, போட்டு, திருப்பிப் போட்டு. அம்மா வாய்விட்டு எண்ணினார். எண்பதில் எனக்குக் கை மரத்தது. நூறில் அண்ணன் டீ குடித்துவிட்டு வந்தார். கடைசி இரண்டு சுற்று விரலாலேயே வந்தது. போல்ட் என் உள்ளங்கையில் விழுந்தபோது மணி மூன்றே கால்.

செயின் பிளாக்கில் ஹெட்ஸ்டாக் மேலே எழுந்ததும், அது உட்கார்ந்திருந்த இடம் புதுசாக மினுங்கியது. அப்பா அதைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, செய்தித்தாள் ஒட்டினார். ஐந்தரைக்குக் கடைசியாக பெட், பைப் மேல் உருண்டு சந்தைத் தாண்டியது. பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரையும் துளசி மாடத்தையும் நகர்த்திக்கொடுத்தார். அப்பா டெம்போ வரைக்கும் பெட்டின் மேல் ஒரு கையை வைத்தபடியே நடந்தார்.

போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்த பையன், நாலாவது போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். "இதை மறுபடி எப்படிங்க போடறது?"

அந்த ஸ்பேனர் என் ஜீன்ஸ் பாக்கெட்டில் இருந்தது. சென்னைக்குக் கொண்டுபோய், டெஸ்க்கில் பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன். அம்மா என் முன்னால் கையை நீட்டினார். கொடுத்தேன். அதை வாங்கி அவனிடம் கொடுத்து, "கல்யாணம் ஆயிருச்சா தம்பி?" என்றார்.

"ஆயிருச்சுங்க. ஆறு மாசம் ஆச்சு."

"அந்தப் புள்ளையக் கூப்புட்டுக்க. முந்தானையை நல்லா இழுத்துச் சொருகச் சொல்லு. லேத்து ஓடறப்பக் கிட்ட விடாத."

புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, நான் டெஸ்க்கில் இருந்தபோது, அம்மாவிடமிருந்து வீடியோ கால். எடுத்தால் அம்மா இல்லை. மூன்று பேர் இணைப்பில், கருப்பாக ஏதோ ஓட்டை தெரிந்தது. ஒரு பெண்ணின் குரல், "அக்கா, இடது கைதானுங்களே?" என்றது. அம்மாவின் குரல், "ஆமா கண்ணு. வளையலைக் கழட்டிட்டியா?" என்றது.

"அம்மா, செல்ஃபி கேமரா வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லு" என்றேன் நான்.